இடது இருக்கை வைத்தியலிங்கம்

ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் போகும் சாலையில் ஐந்தாங்கட்டை மைல்கல்லைத் தாண்டி, உள்ளே ஒதுங்கியிருந்தது மெராந்தி ரப்பர் தோட்டம். 1927ஆம் ஆண்டு அங்கே ஒரு புது லாரி வந்து இறங்கியது. முன்பிருந்த லாரியை அதன் டிரைவர் பெரிய கால்வாயில் இறக்கி, இறக்கின இடத்திலேயே விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டிருந்தார். அதனால் இந்த முறை தோட்டத்துத் துரை முன்ஜாக்கிரதையாக இருந்தார். புது டிரைவரை எடுத்தால் மட்டும் போதாது. அவருக்குப் பக்கத்தில் ஆறு வாரம் உட்கார்ந்து போய் வந்து, "இவர் பத்திரமாக ஓட்டுகிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டும். கையெழுத்து விழுந்தால்தான் டிரைவருக்கு வேலை நிரந்தரம். அந்தக் கையெழுத்துக்காரராக வந்து சேர்ந்தவர்தான் வைத்தியலிங்கம்.

வைத்தியலிங்கத்துக்கு அப்போது நாற்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறி வந்து, ரயிலில் கார்டு வேலை பார்த்தவர். லாயாங் லாயாங் பக்கம் சரக்கு ரயில்களில் பதினைந்து வருஷம் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியுமாகக் காலம் தள்ளினார். அந்தப் பதினைந்து வருஷத்தில் அவர் போன ரயில் எதிலும் ஒரு சின்ன விபத்துகூட நடந்தது கிடையாது. காரணம் எளிது. ரயிலை நகரவிட்டால்தானே விபத்து? ஒருமுறை கடைசிப் பெட்டி விளக்கின் கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று ஒன்றேகால் மணி நேரம் ரயிலை நிறுத்தி வைத்தார். அப்போது பட்டப்பகல். ரயில் முழுக்க அன்னாசிப்பழம். விதிப் புத்தகம் என்னவோ அவர் பக்கம்தான் இருந்தது. ஆனால் பழத்துக்கு விதிப் புத்தகம் தெரியவில்லை. மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, மிக மரியாதையாக, காலில் வலி இருக்கிறதே, ஓய்வெடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். வைத்தியலிங்கத்துக்குக் காலில் வலி இருந்தது உண்மைதான். ஓய்வெடுத்துக்கொண்டார்.

ரயிலில் இருந்தவர் என்றதும் மெராந்தித் துரைக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய வண்டியோடு இருந்தவருக்கு இந்தச் சின்ன வண்டி எம்மாத்திரம் என்று நினைத்திருக்க வேண்டும். உங்களுக்கு லாரி ஓட்டத் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் வழக்கம் வைத்தியலிங்கத்துக்கு இல்லை.

அவருக்கு லாரி ஓட்டத் தெரியாது. லாரியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை இரண்டு தடவை வாசித்திருந்தார். வாசித்துவிட்டு, முழுநீளக் காகிதத்தில் முப்பத்தொரு விதிகள் எழுதினார். அவர் அதை வாசித்துக் காட்ட, மனைவி யோகம் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"இஞ்சாருங்கோ, உதிலே லாரி எப்ப ஓடும் எண்டு எழுதேல்லையே?" என்றார் யோகம்.

"அது டிரைவரின்ர வேலை," என்றார் வைத்தியலிங்கம்.

டிரைவராக வந்தவர் அர்ச்சுனன். முப்பத்தாறு வயது, கறுத்த, அகன்ற ஆள். சிங்கப்பூரில் ஒரு மோட்டார் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். லாரியின் வயிற்றுக்குள் என்ன சத்தம் கேட்டாலும் அது எந்த உறுப்பின் புலம்பல் என்று படுத்தபடியே சொல்லிவிடுவார். ஒரு கையால்தான் ஓட்டுவார். இன்னொரு கை சுருட்டுக்கு. வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பதில்லை. உடம்பை மட்டும் வளைவுப் பக்கம் சாய்த்துக் கொடுப்பார், லாரியும் மரியாதைக்கு அவரோடு சாயும். பதினொரு மைல் தூரமுள்ள குளுவாங் ஸ்டேஷனுக்கு நாற்பது நிமிஷத்தில் போய்விடலாம் என்பது அவருடைய கணக்கு.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு ரப்பர் ஷீட் கட்டுகளை ஏற்றியாயிற்று. கட்டுகளின் மேல், சுமை இறக்கும் தங்கராஜு துண்டை விரித்து உட்கார்ந்தார். ஐம்பது வயதுக்காரர், எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவார். அர்ச்சுனன் எஞ்சினைக் கிளப்பினார். பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. திரும்பிப் பார்த்தார். லாரிக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக, கையில் பச்சைக்கொடியோடு வைத்தியலிங்கம் நின்றார். இடமும் வலமும் பார்த்து, விசிலை ஊதி, கொடியை அசைத்தார். பிறகு கொடியைச் சுருட்டிக்கொண்டு, லேசாக நொண்டி நடந்து வந்து, இடது பக்கம் ஏறிக்கொண்டார்.

"இப்ப எடும்," என்றார்.

அர்ச்சுனன் எடுக்கவில்லை. யோசித்துக்கொண்டிருந்தார். "ஐயா, ஒரு சந்தேகங்க. நீங்க கொடி காட்டிட்டு நடந்து வந்து ஏறுறதுக்குள்ள, பின்னால ஒரு மாடு வந்து நின்னுட்டா?"

வைத்தியலிங்கம் இதை எதிர்பார்க்கவில்லை. எட்டிப் பின்பக்கச் சாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து, முப்பத்திரண்டாவது விதியை எழுதினார்: கொடி காட்டிய பின் மாடு வராமல் தங்கராஜு பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே தங்கராஜு தூங்க ஆரம்பித்திருந்தார்.

குளுவாங் போவதற்குள் நான்கு மரப்பாலங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் லாரி நிற்க வேண்டும் என்பது ஒன்பதாவது விதி. நின்றதும் வைத்தியலிங்கம் இறங்கி, பாலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து, பலகை பலகையாகக் குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டு, அக்கரையில் நின்று கொடியைக் காட்டுவார். வளைவுக்கு மூன்று ஹாரன். மணிக்குப் பன்னிரண்டு மைலுக்கு மேல் கூடாது. இரண்டு கையும் சக்கரத்தில் இருக்க வேண்டும். சுருட்டு வாயிலும் கூடாது, காதிலும் கூடாது.

"காதுல வச்சா என்னங்க?"

"அது உம்மைப் பிடிக்கச் சொல்லிக் கேக்கும்."

வழியில் ஒரு மலாய்க்காரர் தினமும் வாத்து முட்டைக் கூடைகளைச் சைக்கிளில் கட்டி குளுவாங்குக்குக் கொண்டுபோவார். முதல் பாலத்தில் லாரி அவரைத் தாண்டும். இரண்டாவது பாலத்தில் அவர் லாரியைத் தாண்டுவார். தாண்டும்போது இரக்கத்தோடு, "லோரி ரோசாக் கா, அபாங்?" என்று கேட்பார், லாரி பழுதாகிவிட்டதா அண்ணே என்று. அர்ச்சுனன் சக்கரத்தில் நெற்றியை வைத்துக்கொள்வார். முட்டைக்காரர் கேட்பதை நிறுத்தவே இல்லை. நாலாவது வாரம் தன் சைக்கிள் சாவியை, திருகாணி முடுக்குகிற சின்னச் சாவியை, எடுத்து நீட்டக்கூடச் செய்தார்.

அர்ச்சுனனுக்கு மலாய்க்காரர் கேட்டதைவிட, தோட்டத்தில் பெண்கள் கேட்டதுதான் சுட்டது. ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கருப்பாயி ஒருநாள் வழிமறித்து, "அண்ணே, குளுவாங்குல எனக்கு ஒரு சாமான் வாங்கணும். நடந்தே போயி வாங்கிட்டு வந்துர்றேன், நீங்க பின்னால லாரியில வாங்க," என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அர்ச்சுனனும் சிரித்தார்.

ஒரு பழிவாங்கலும் செய்து பார்த்தார். விதிகளை அப்படியே, ஒரு எழுத்து குறையாமல் கடைப்பிடித்தார். வைத்தியலிங்கம் வளைவு என்று சொல்லும்வரை ஹாரன் அடிக்கவில்லை; சொன்னதும் மூன்று அடித்து, "மூணு ஆச்சுங்க," என்று அறிவித்தார். சாலையில் ஒரு கோழி நின்றபோது லாரியை நிறுத்திவிட்டு, கோழிக்குத் தனி விதி உண்டா என்று மிகப் பணிவாகக் கேட்டார். வைத்தியலிங்கத்துக்குக் கிண்டல் புரியவில்லை. மனம் நெகிழ்ந்து போனார். அன்று வீட்டுக்கு வந்து, "அர்ச்சுனன் திருந்தி வாறான்," என்று யோகத்திடம் சொன்னார்.

"எவ்வளவு நேரம் எடுத்தது?"

"ரெண்டு மணித்தியாலம்."

"அப்ப நல்லாத் திருந்திவிட்டான்," என்றார் யோகம்.

ஆறாவது வாரம் வியாழக்கிழமை காரியம் கைமீறியது. அதிகாலை மழை பெய்திருந்தது. ஈரப் பலகை என்பதால் வைத்தியலிங்கம் ஒவ்வொரு பாலத்தையும் இரண்டு முறை நடந்தார். சரக்கு ரயில் குளுவாங்கை விட்டுப் புறப்படுவது பதினொன்று பத்துக்கு. லாரி ஸ்டேஷன் முற்றத்தில் நுழைந்தபோது பதினொன்று ஒன்பது. ரயில் எஞ்சின் ஏற்கெனவே ஊதிக்கொண்டிருந்தது.

வைத்தியலிங்கம் குதித்து இறங்கி, வலிக்கிற காலோடு மேடையில் ஓடினார். கடைசிப் பெட்டியின் படியில் கார்டு ராஜசேகரன் நின்றிருந்தார். லாயாங் லாயாங்கில் வைத்தியலிங்கத்தின் கீழ் வேலை பழகியவர்.

"ராஜசேகரன், நாங்கள்தான். இருபத்தெட்டுக் கட்டு. அஞ்சு நிமிசம் நிப்பாட்டும்."

ராஜசேகரன் தொப்பியைக் கழற்றி வணங்கினார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "சார், கோவிச்சுக்கக் கூடாது. பதினொன்னு பத்து ஆயிடுச்சு. தெரிஞ்சவங்களுக்கு அஞ்சு நிமிஷம் குடுக்கிறவன் கார்டே இல்லன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

சொல்லிவிட்டுப் பச்சைக்கொடியை அசைத்தார். ரயில் போய்விட்டது. கையை நேராக நீட்டி, மணிக்கட்டை மட்டும் திருப்பி, எவ்வளவு அழகாகக் கொடி அசைத்தான் என்று வைத்தியலிங்கம் நினைத்தார். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டார். திரும்பியபோது அர்ச்சுனன் லாரியில் சாய்ந்து நின்று, இந்த ஆறு வாரத்தில் முதல் தடவையாக, மனசாரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சாயந்தரம் துரை இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். யாரால் தாமதம் என்று கேட்டார். "என்னால்," என்றார் வைத்தியலிங்கம். பழி தன் தலையில் விழும் என்று எதிர்பார்த்து நின்ற அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தார். துரை கோபப்படவில்லை. அமைதியாக ஒரு யோசனை சொன்னார், அது கோபத்தைவிட மோசமாக இருந்தது. திங்கட்கிழமை காலை நானும் லாரியில் வருகிறேன். வைத்தியலிங்கம், நீங்களே ஓட்டுங்கள். எவ்வளவு நேரத்தில் பத்திரமாகப் போக முடியும் என்று காட்டிவிடுங்கள். அதுதான் இனிமேல் எல்லா டிரைவருக்கும் அளவு.

வீட்டில் வைத்தியலிங்கம் கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். யோகம் தேநீரை வைத்தார். விஷயத்தைக் கேட்டார். சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் சிரமப்பட்டார்.

"அந்த மனுசனிட்டையே போய்க் கேளுங்கோ," என்றார்.

"எந்த மனுசன்?"

"லாரி ஓட்டத் தெரிஞ்ச மனுசன். இந்தத் தோட்டத்திலே அவர் ஒராள்தானே இருக்கிறார்."

மறுநாள் வேலை முடிந்ததும் வைத்தியலிங்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனார். அர்ச்சுனன் வாசலில் குந்தி, லாரி விளக்கு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து பெஞ்சைத் தட்டிப் போட்டார். வைத்தியலிங்கம் உட்காரவில்லை.

"அர்ச்சுனன், எனக்கு லாரி ஓட்டத் தெரியாது."

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"தெரியாதுன்னு தெரியும். மொத நாளே தெரியும். ஏத்தத்துல 'அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் அழுத்தும்'னீங்க. அது கிளட்சுங்க."

வைத்தியலிங்கம் இப்போது உட்கார்ந்தார். "பிறகேன் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?"

"சொன்னா உங்கள அனுப்பிருவாங்க. அடுத்தாப்புல வர்ற ஆளுக்கு லாரி ஓட்டத் தெரிஞ்சிருந்தா என் கதி என்னாவுறது?" அர்ச்சுனன் விளக்கைக் கீழே வைத்தார். "சரிங்க. ஞாயித்துக்கெழம கத்துக் குடுக்கிறேன். நீங்க அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

வைத்தியலிங்கம் எழுந்துவிட்டார். "கையெழுத்து வேறை, இது வேறை. நீர் பத்திரமா ஓட்டுறீர் எண்டு எனக்கு இன்னும் படேல்லை. படாததை நான் எழுதமாட்டன். நான் வாறன்."

நாலு அடி நடந்திருப்பார். பின்னாலிருந்து அர்ச்சுனனின் பெருமூச்சு கேட்டது. "ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிங்க. நாத்துத் தோட்டத்துப் பாதை. தொப்பி வேணாம், விழுந்துரும்." இந்த ஆள் வண்டி ஓட்டும் அழகைப் பார்க்காமல் செத்துவிடக்கூடாது என்று அர்ச்சுனனுக்குத் தோன்றியிருந்தது. வேறு காரணமும் இருந்திருக்கலாம், அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வைத்தியலிங்கம் தன் வாழ்க்கையில் முதல் முறையாக வலது பக்கம் ஏறி உட்கார்ந்தார். அர்ச்சுனன் இடது பக்கம். முதல் அரைமணி நேரம் லாரி தவளை மாதிரி தத்தித் தத்தி நின்றது. கிளட்சை விடும்போது அர்ச்சுனனின் தலை பின்னால் போய் மோதும். நிற்கும்போது முன்னால் வந்து மோதும். அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மெல்ல விடுங்க. இன்னும் மெல்ல. கொழந்தய தொட்டில்ல போடுற மாதிரி விடுங்க. எட்டாவது தடவையில் லாரி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது கியர் விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி இருவரும் கடைசிவரை ஒத்துப்போனதில்லை. வைத்தியலிங்கத்தின் கட்சி, தான் ஓட்டியது சீராகத்தான் என்பது. அர்ச்சுனன் சொன்னது வேறு.

வண்டி தன் சொல் கேட்கிறது என்று தெரிந்த கணத்தில் வைத்தியலிங்கத்துக்கு ஏதோ ஆகிவிட்டது. பதினைந்து வருஷம் கடைசிப் பெட்டியில், முதுகுப் பக்கமாகவே ஊரைப் பார்த்துவந்த மனிதர் அவர். இப்போது பாதை முழுதும் அவருக்கு நேர் எதிரே இருந்தது. அவர் காலை அழுத்த அழுத்த அது இன்னும் வேகமாக அவரிடம் ஓடி வந்தது. அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். ரப்பர் கன்றுகள் இரு பக்கமும் ஒரே பச்சைக் கோடாகின.

"ஐயா, போதுங்க," என்றார் அர்ச்சுனன்.

"நல்லா ஓடுது, என்ன?"

"ஐயா, வளைவு வருது. ஹாரன் அடிங்க. மூணு அடிங்க."

ஹாரன் அடிக்க ஒரு கையை எடுக்க வேண்டும். வைத்தியலிங்கம் எடுத்தார். அர்ச்சுனன் அலறினார்: "ரெண்டு கையும், ரெண்டு கையும்." வளைவு வந்தது. வைத்தியலிங்கம் உடம்பை வளைவுப் பக்கம் சாய்த்துக் கொடுத்தார், ஆறு வாரமாக வேறு எதைப் பார்த்திருந்தார்? லாரியும் சாய்ந்தது. அர்ச்சுனன் இல்லாத பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தார். கையால் பிடிக்க எதுவும் கிடைக்காமல், கடைசியில் வைத்தியலிங்கத்தின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். லாரி பாதையை விட்டு விலகி, ஆளுயர லாலான் புல்லுக்குள் புகுந்து, மெத்தையில் இறங்கியதுபோல மெதுவாக நின்று, எஞ்சின் அணைந்தது.

புல்லிலிருந்து ஒரு காடை பறந்து போனது.

"எத்தினை மைல் வேகம்?" என்று கேட்டார் வைத்தியலிங்கம். அவர் முகம் மினுமினுவென்று இருந்தது.

"இருபத்தெட்டுங்க."

"இருபத்தெட்டு," என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

அர்ச்சுனன் இறங்கி லாரியைச் சுற்றி வந்தார். எதுவும் உடையவில்லை. மிதிபலகையில் உட்கார்ந்தார். சுருட்டை எடுத்தார், பற்றவைக்காமலே திரும்பக் காதில் வைத்தார்.

"ஐயா, சிங்கப்பூர்ல நான் தெனமும் முப்பதுல போயிருக்கேன். ஒரு நாளும் எனக்குப் பயமா இருந்ததில்லீங்க."

"ஓம்."

"இந்தப் பக்கம் உக்காந்தா கைல ஒண்ணுமே இல்லீங்களே. வர்றத வேடிக்க பாத்துட்டு இருக்க வேண்டியதா இருக்கு."

"ஓம்," என்றார் வைத்தியலிங்கம். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் அவர் மனம் முழுக்க இருபத்தெட்டிலேயே இருந்தது. தான் இனிமேல் ஒரு நாளும் அர்ச்சுனனைப் பழைய மாதிரித் திட்ட முடியாது என்பதும் மெல்ல உறைத்துக்கொண்டிருந்தது. கால் அழுத்துகிறவனுக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டதே.

திங்கட்கிழமை துரை வந்தபோது வைத்தியலிங்கம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு லாரி ஓட்டத் தெரியாது என்று சொன்னார். நேற்று ஓட்டிப் பார்த்ததாகவும், தான் ஓட்டினால் தோட்டத்துக்கு ஆபத்து என்றும் சொன்னார். ரயிலைக் கார்டு ஓட்டுவதில்லை, ஆனாலும் கார்டு இல்லாமல் ரயில் போவதில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இதை யோகத்திடம் காலையில் மூன்று தடவை சொல்லிப் பழகியிருந்தார். துரை அவரையும், லாரியின் முன்பக்கத்தில் இன்னும் சிக்கியிருந்த லாலான் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பைப்பில் புகையிலை அடைக்க நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவர் முகம் பைப்புக்குப் பின்னால் மறைவாக இருந்தது. பிறகு, நான் வரவில்லை, நீங்கள் இருவருமே போய் ஒரு கணக்குக்கு வாருங்கள், ரயில் மட்டும் தவறக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பதினொரு மைலும் பேரம்தான்.

"கொடி வேணாங்க. தங்கராஜு அண்ணன் பின்னால பாத்து ஒரு தட்டு தட்டட்டும்."

"அவர் நித்திரை."

"கெளம்பின பொறவு தூங்கட்டும். முன்னால வேணாம்னு சொல்லிடுவோம்."

"சரி. பாலம்?"

"போகையில ஒரு தடவ நடந்து பாருங்க. வர்றப்ப வேணாங்க, பாரமில்ல."

"மழை பெஞ்சால்?"

அர்ச்சுனன் யோசித்தார். ஒரு வாரம் முன்னால் என்றால் சிரித்திருப்பார். "மழை பெஞ்சா வர்றப்பவும் பாருங்க. நானும் எறங்கிப் பாக்கிறேன், ரெண்டு பேரா பாத்தா சீக்கிரம் முடியும்."

"வேகம் பன்னிரண்டு."

"இருவத்தஞ்சு."

"பதினைஞ்சு."

"ஐயா, நீங்க இருவத்தெட்டு."

வைத்தியலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருபது," என்றார் ரப்பர் மரங்களைப் பார்த்து. "வளைவிலே பத்து."

முட்டைக்காரரை முதல் பாலத்திலேயே தாண்டினார்கள். இரண்டாவது பாலத்தில் அவர் வந்து சேரவில்லை. குளுவாங் ஸ்டேஷனில் கட்டுகளை இறக்கி, காப்பி குடித்து, ராஜசேகரனிடம் இரண்டு வார்த்தை பேசவும் நேரம் இருந்தது.

முப்பத்திரண்டு விதிகள் ஒன்பதாகின. கையெழுத்தை அன்றைக்கே கேட்டார் அர்ச்சுனன். ஆறு வாரம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார் வைத்தியலிங்கம். இரண்டு நாளும் அர்ச்சுனன் மாப்பிள்ளை மாதிரி ஓட்டினார். புதன்கிழமை மாலை கையெழுத்து விழுந்தது. வைத்தியலிங்கம் "பத்திரமாக ஓட்டுகிறார்" என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, "பெரும்பாலும்" என்று முன்னால் சேர்த்தார். அதை எடுக்கச் சொல்லி அர்ச்சுனன் எவ்வளவோ கேட்டும் எடுக்கவில்லை. துரைக்கு அந்த வார்த்தை பிடித்துப்போனது என்று கேள்வி.

அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு இரண்டாவது லாரி வந்தது, பிறகு மூன்றாவதும் வந்தது. புது டிரைவர்கள் வர வர, வைத்தியலிங்கம் அவர்களைப் பழக்கும் விதத்தை மாற்றினார். புது ஆள் முதல் வாரம் ஓட்டக்கூடாது. இடது பக்கம் உட்கார்ந்து வர வேண்டும். ஓட்டுவது அவருக்குச் சற்று முன்னால் வந்த இன்னொரு புது ஆள். அப்படி ஒருவர் கிடைக்காதபோது அர்ச்சுனனைக் கூப்பிட்டு, "பழைய மாதிரி ஒருக்கால் ஓட்டிக் காட்டும்," என்பார். அர்ச்சுனன் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு நாற்றுத் தோட்டத்துப் பாதையில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். ஒரு சுற்றே போதுமானதாக இருந்தது. ஒருவர் பாதியில் இறங்கிப் பால்வெட்டுக்கே திரும்பிப் போய்விட்டார்.

சண்டை நின்றுவிடவில்லை. புது டிரைவர்கள் வந்து அர்ச்சுனனிடம்தான் முறையிடுவார்கள்: கார்டு ஐயா பாலத்தில் இறங்கச் சொல்கிறார், ஹாரன் அடிக்கச் சொல்கிறார், அவருக்கே ஓட்டத் தெரியாதாமே என்று. அர்ச்சுனன் முழுக்கக் கேட்டுக்கொள்வார். பிறகு, "அவருக்கு ஓட்டத் தெரியாதுன்னு யார்றா சொன்னது? அவர் ஓட்டி நான் பாத்திருக்கேன். நீங்கள்லாம் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க," என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

வைத்தியலிங்கம் லைசென்சுக்கு மூன்று தடவை குளுவாங் போனார். அர்ச்சுனன்தான் கூட்டிப் போனார். முதல் தடவை பரீட்சை வைத்த போலீஸ் அதிகாரி பாதி வழியில் இறங்கிக்கொண்டார். இரண்டாவது தடவை, வேகம் அதிகம் என்று எழுதிக் கொடுத்தார். மூன்றாவது தடவை வைத்தியலிங்கம் மிகக் கவனமாக, ஒன்பது விதிகளையும் மனதில் சொல்லிக்கொண்டு ஓட்டினார். அன்று மிக மெதுவாகப் போய்ச் சாலையை மறித்ததாகச் சொன்னார்கள். யோகம் அந்தக் கடிதங்களை வாங்கி வாசித்துவிட்டு, "உங்களுக்கு நடுவிலே ஒண்டும் வராது போலை," என்றார். அதோடு வைத்தியலிங்கம் லைசென்சு ஆசையை விட்டுவிட்டார். நாற்றுத் தோட்டத்துப் பாதையில் வருஷத்தில் ஒரு நாள், வைத்தியலிங்கத்தின் பிறந்த நாளன்று, கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, அர்ச்சுனன் அவரை ஓட்டவிடுவார் என்று தோட்டத்தில் ஒரு பேச்சு உண்டு. அர்ச்சுனனைக் கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல," என்பார்.

ஒன்பது வருஷத்தில் பதினோரு டிரைவர்கள் வைத்தியலிங்கத்திடம் கையெழுத்து வாங்கினார்கள். யாருடைய கடிதத்திலும் "பெரும்பாலும்" விடுபடவில்லை. கால்வாயில் இறங்கிய லாரி ஒன்றுதான், அதையும் ஓட்டியவர் துரையின் மச்சான், கையெழுத்து வாங்காதவர்.

1936இல் மகளும் மருமகனும் தம்போயில் வீடு பார்த்துக் கூப்பிட்டார்கள். மருமகனுக்கு ஜோகூர் பாருவில் அரசாங்க வேலை. வைத்தியலிங்கமும் யோகமும் புறப்பட்டார்கள். சாமான்களை ஏற்றிப்போகத் துரை லாரியைக் கொடுத்தார். அர்ச்சுனன் ஓட்ட, யோகம் நடுவில், வைத்தியலிங்கம் இடப்பக்கம். பின்னால் கட்டில், பாத்திரம் பண்டம், ஆள் உயரக் கண்ணாடி பதித்த ஒரு அலமாரி. ஆயர் ஈத்தாம் சந்தியில் காப்பி குடிக்க நிறுத்தினார்கள். வைத்தியலிங்கம் இறங்கி, அலமாரிக் கயிற்றை மூன்று பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"தளர்வா இருக்கு," என்றார்.

"இன்னும் இறுக்கினா பலக வெடிச்சிரும்," என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கட்டினார் அர்ச்சுனன்.

அங்கே தொடங்கிய வாதம், செனாய் ஊரைத் தாண்டியும் ஓயவில்லை. குழி வந்தால் வைத்தியலிங்கம் முன்னாலேயே சொல்வார்; பார்த்தாச்சு என்பார் அர்ச்சுனன். நடுவில் உட்கார்ந்திருந்த யோகம், அடுத்த முறை வீடு மாறுவதாக இருந்தால் தன்னை ரயிலில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டார்.

தம்போய் வீட்டு வாசலில் அலமாரியை இறக்கியபோது கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டின விதம் அப்படி என்றார் அர்ச்சுனன். கயிற்றைத் திருப்பிக் கட்டவைத்தது யார் என்று கேட்டார் வைத்தியலிங்கம். இருவரும் வாசலிலேயே நின்று அதைப் பேசிக்கொண்டிருக்க, யோகம் அலமாரிக் கதவைத் திறந்து, கண்ணாடிக்குப் பின்னால் புறப்படுமுன் தானே அண்டை கொடுத்துத் திணித்து வைத்திருந்த இரண்டு தலையணைகளையும் நாலு பழைய சேலைகளையும் ஒவ்வொன்றாக உருவி எடுத்து, உதறி, கொடியில் காயப்போட்டார்.